கிடைத்த துணியில் தைத்த பேய்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டு, நீங்கள் ஒரே சொல்லில் பதில் சொல்லி, அவரும் "ஓ, அப்படிங்களா" என்று தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிக்கப் போய்விட்டால், நீங்கள் கொடுத்துவைத்தவர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் வீடியோ கேம் எழுதுகிற ப்ரோகிராமர். ஊர் திருப்பூர்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. இங்கே கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனிங்க?" என்பதுதான். கம்பெனி என்றால் பனியன் கம்பெனி. அடுத்த கேள்வி, "கட்டிங்குங்களா, ஸ்டிச்சிங்குங்களா?" இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் ஒருமுறை பெரிய இவளாட்டம் "கேம் பண்றனுங்க" என்று உண்மையைச் சொன்னேன். கேட்ட பெரியம்மா நேராக என் அம்மாவிடம் போய், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கறா, வெளையாட்டுப் புத்திதான் இன்னும் போகலீங்க" என்றார். (தன் மகனுக்கு என்னைக் கேட்கலாம் என்ற யோசனையோடு வந்திருந்தாராம். பிறகு அந்த மகனைப் பார்த்தேன். வீடியோ கேமுக்கு நான் பட்ட முதல் நன்றிக்கடன் அது.)

அதனால் இப்போது யார் கேட்டாலும் "சாம்பிள் செக்ஷனுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அது முழுப்பொய்யும் இல்லை. ஏன் இல்லை என்று விளக்க வேண்டுமென்றால், என் மானம் கப்பலேறிய ஒரு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கீழே மெஷின்கள், மேலே வீடு. பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கி, தைத்துக் கொடுப்பது தொழில். பெரிய கம்பெனிகள் என்று பன்மையில் சொன்னது ஒரு கௌரவத்துக்காக. உண்மையில் ஒரே ஒரு கம்பெனிதான், அதுவும் அம்மாவின் தம்பி குமரேசன் மாமாவுடைய எக்ஸ்போர்ட் கம்பெனி. மாமா ஆர்டர் கொடுத்தால் எங்கள் மெஷின்கள் ஓடும். கொடுக்க மறந்துவிட்டால் அப்பா காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

மாமா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவ்வளவு மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்குத் திட்டே தேவலை. சரக்கு கிளம்பத் தாமதமானால் அப்பாவின் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: "என்னுங்க மச்சான், இன்னும் லோடு ஏறலீங்களா?" அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அப்பா சாப்பிட்ட கையோடு படியிறங்கி ஓடுவார். இதில் ஒரு வேடிக்கை, வாய்ஸ் மெசேஜ் வேறு போன் கால் வேறு என்பது மாமாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒவ்வொன்றையும் "சரிங்க, வெச்சர்றனுங்க" என்று சொல்லித்தான் முடிப்பார். எதை வைக்கிறார், எங்கே வைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வந்த வேலையையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மாடியில் ஒரு லேப்டாப்போடு குடியேறினேன். கேம்தான் எழுதுவேன், வேறு எதையும் எழுத மாட்டேன் என்று சபதம். (சபதம் போடுகிறவர்களுக்கு மூன்று வேளையும் சோறு வந்துவிடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?) அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஆடி பிறப்பதற்குள் ஒரு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாமா கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் போய் உட்கார வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர்களுக்கு மெயில் அனுப்பி, அவர்கள் கோபப்பட்டால் இன்னொரு மெயில் அனுப்புவதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. அம்மாவுக்கு அது பெரிய கனவு. ஏசி ரூம், தன் தம்பியின் கண்பார்வை, சாயங்காலம் வீடு. மாமாவும் விசேஷ வீடுகளில் எல்லாம் "அம்மிணி அடுத்த மாசம் நம்மகிட்ட வந்துருவா" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. போனில் விளையாடுகிற கேம்களைச் செய்கிற சின்ன நிறுவனம். நான் விண்ணப்பித்ததை நானே மறந்திருந்தேன். ஒரே ஒரு லெவல் மட்டும் சாம்பிளாகச் செய்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் பேசுவோம் என்று எழுதியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது, "சாம்பிள் கேட்டிருக்காங்கப்பா" என்றேன்.

அப்பாவின் கை தட்டில் நின்றது. இத்தனை நாளும் நான் பேசிய எதுவும் புரியாமல், பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷன் அவர். முதல்முறையாக அவருக்குத் தெரிந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

"சாம்பிள் கேட்டாங்களா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ அம்மிணி. எந்த ஊரு பையரு?"

"பெங்களூருங்கப்பா."

"டொமஸ்டிக்தானா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, டொமஸ்டிக்லயும் நல்ல பையர் இருக்கறாங்க" என்று தேற்றினார்.

அன்றிலிருந்து என் வேலை ஒரு ஆர்டர் ஆகிவிட்டது. அப்பா தினமும் மாடிக்கு வந்து சாம்பிள் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். பையருக்கு ஒன்று அனுப்பினால் அதே மாதிரி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும், அதற்குப் பெயர் கவுண்டர் சாம்பிள், பின்னால் பையர் ஏதாவது சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம் என்று பாடம் நடத்தினார். நானும் மறுபேச்சு இல்லாமல், லெவல் முடிந்ததுமே என் கேமை ஒரு நகல் எடுத்து "கவுண்டர்" என்று பெயர் போட்டு வைத்தேன். இந்த நகலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கேமின் கதை சாதாரணமானது. ஒரு பனியன் கம்பெனி. தைக்கிற பெண் ஒருத்தி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு பேய் துரத்தும். பிடிபடாமல் ஏற்றினால் ஜெயிப்பு. மூட்டையால் இரண்டு அடி போட்டால் பேய் விழும், மறுபடி வேறு மூலையிலிருந்து கிளம்பி வரும். எனக்கு ப்ரோகிராம் வரும், படம் வரைய வராது. நான் வரைந்த பேயைப் பார்த்து அம்மா, "பூசணிக்காய் நல்லாருக்குது கண்ணு" என்றாள்.

அப்பாவிடம் புலம்பினேன். அவர் அசரவே இல்லை. "படம் இல்லீன்னா அவைலபிள் பேப்ரிக்ல போடு" என்றார்.

பையர் கேட்ட கலரில் துணி சாயப்பட்டறையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் சாம்பிள் அவசரம் என்றால் எங்கள் ஊரில் கையில் கிடைத்த துணியில் தைத்து அனுப்பிவிடுவார்கள். உடம்பு நீலம், கை மஞ்சள், கழுத்து ரோஸ் என்று இருக்கும். பையரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். அவன் பார்ப்பது அளவையும் தையலையும்தான். மொத்தமாகத் தைக்கிற பல்க் சரக்கில் சரியான துணி வந்துவிடும். சாம்பிளில் வந்திருப்பது அவைலபிள் பேப்ரிக்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவருக்கு எங்கள் யூனிட்டின் போட்டோ, தைக்கிற பெண்ணுக்கு என் முகம். பேய்க்கு? கையில் கிடைத்தது எங்கள் அக்கா கல்யாண ஆல்பம். அதில் குமரேசன் மாமா நெற்றி நிறையச் சந்தனமும் பாதி மாலையுமாக, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அப்படியே வெட்டி பூசணிக்காய் மேல் ஒட்டினேன். பேய்க்குக் குரல் வேண்டுமே? அப்பாவின் போனில் மாமாவின் வாய்ஸ் மெசேஜ்கள் வண்டி வண்டியாக இருந்தன. துரத்தும்போது, "என்னுங்க மச்சான், இன்னும் லோடு ஏறலீங்களா?" அடிபட்டு விழும்போது, "சரிங்க, வெச்சர்றனுங்க." உலகத்திலேயே மரியாதை தெரிந்த ஒரே பேய் என்னுடையதுதான் என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன். சோதித்துப் பார்க்கிற சாக்கில் மாமாவை நான் எத்தனை அடி அடித்தேன் என்று கணக்கே இல்லை.

அனுப்புவதற்கு முன் புத்தி வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சாதாரணப் பேயைப் போட்டு, மாமாவை எடுத்துவிட்டு, சுத்தமான கேமை அனுப்பினேன். பெங்களூர்க்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை காலை வீடியோவில் இண்டர்வியூ என்றார்கள்.

வியாழக்கிழமை மண்ணரையில் ஷட்டவுன். மின்வாரியம் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்துகிற நாள் அதுதான் என்பதை முந்தின நாள் பேப்பரில் பார்த்து அம்மா சொன்னாள். எங்கள் ஜெனரேட்டர் இரண்டு மெஷினைத் தாங்கும், இண்டர்நெட்டைத் தாங்காது. அம்மா உடனே தம்பிக்குப் போன் போட்டாள். மாமா பெரிய மனசு பண்ணி, பையர்கள் வந்தால் மட்டும் திறக்கிற கான்பரன்ஸ் ஹாலை எனக்குத் திறந்துவிட்டார்.

நீளமான மேஜை, சுவரோரம் ஸ்டாண்டில் தொங்கும் சாம்பிள்கள், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. நடுவில் முந்திரியும் பிஸ்கட்டும் டீயும். நான் லேப்டாப்பை ஒரு மூலையில் அடக்கமாக வைத்தேன். மாமா விடவில்லை. பையர் மீட்டிங் என்றால் டிவியில் போட்டால்தான் மரியாதை என்று அவரே ஒயரை எடுத்துச் சொருகினார், ஸ்பீக்கரையும் ஏற்றி வைத்தார். அப்பாவும் அவரும் கேமராவில் படாமல் மேஜையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சோறு போடுகிறவரை அவர் ஹாலிலிருந்தே எப்படி வெளியே போகச் சொல்வது? "பேசி முடி அம்மிணி, ஆகலீன்னா ஒண்ணும் கவலையில்ல. இதே ரூமுக்குப் பக்கத்துலதான் உனக்குச் சேரு போட்டு வெச்சிருக்கறேன்" என்றார் மாமா. உண்மையாகவே அன்பாகத்தான் சொன்னார்.

திரையில் பிரசன்னா என்று ஒருவர் வந்தார். தாடி, கண்ணாடி, பின்னால் நிறைய பொம்மைகள். தமிழ் புரியும், பேசுவது இங்கிலீஷ் என்றார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். அப்பா ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முந்திரி எடுத்தார். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பிரசன்னா, நீங்கள் அனுப்பிய கேமை உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து, நான் பார்க்கும்போதே பேயின் வேகத்தைக் கூட்டிக் காட்டுங்கள் என்றார்.

அனுப்பியது என்றால் அதன் ஜோடி நம்மிடம் இருப்பது. கவுண்டர் சாம்பிள். அப்பா சொல்லிக் கொடுத்த பிள்ளை அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு "கவுண்டர்" என்ற நகலைத் திறந்தேன். அந்த நகலை எடுத்தது பேயை மாற்றுவதற்கு முன்னால் என்பது, டிவி முழுக்க எங்கள் யூனிட் விரிந்தபோதுதான் உறைத்தது.

அதற்குள் ஸ்பீக்கர் கணீரென்று முழங்கியது. "என்னுங்க மச்சான், இன்னும் லோடு ஏறலீங்களா?"

அப்பா துள்ளி எழுந்தார். "ஏறிட்டிருக்குதுங்க மாப்ள, பத்தே நிமிசம்" என்று டிவியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

சொன்ன பிறகுதான், மாமா தன் பக்கத்திலேயே வாய் நிறைய பிஸ்கட்டோடு உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்தார். மாமா டிவியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே கட்டிங் டேபிளுக்குப் பின்னாலிருந்து ஒரு பூசணிக்காய் உடம்பு, சந்தனமும் பாதி மாலையுமாக, அவரையே முறைத்துக்கொண்டு வந்தது.

மூடிவிடலாம் என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். அது மூட்டையால் அடிக்கிற பொத்தான். பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டேன். "சரிங்க, வெச்சர்றனுங்க" என்று சொல்லி மாமா மல்லாந்து விழுந்தார்.

பிரசன்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேகத்தை மாற்றுங்கள் என்று பொறுமையாக மறுபடி சொன்னார். மாற்றிவிட்டு மூடித் தொலைத்துவிடலாம் என்று ப்ரோகிராமுக்குள் போனேன். வேகத்துக்கு ஒரு வரி, பேய்களின் எண்ணிக்கைக்கு அடுத்த வரி. அவசரத்தில், வேகத்தில் போட வேண்டிய எண்ணை எண்ணிக்கையில் போட்டு ஓடவிட்டேன்.

ஒரு மாமா வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு மாமா வந்தார். அப்புறம் எல்லா வாசலிலிருந்தும், மெஷின்களுக்கு அடியிலிருந்தும், படிக்கட்டிலிருந்தும் மாமா மாமாவாக வந்துகொண்டே இருந்தார். திரையில் சுவரே தெரியவில்லை, சந்தனம்தான் தெரிந்தது. அத்தனை பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் முந்திக்கொண்டு லோடு ஏறலீங்களா, லோடு ஏறலீங்களா என்று கேட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மெர்ச்சண்டைசர் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். மாமாவின் கையிலிருந்த மீதிப் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

பிரசன்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் இவர் என்று கேட்டார். வேலை போயிற்று. அது போகட்டும், இந்த மனுஷன் ஆர்டர் தந்தால்தான் எங்கள் வீட்டில் உலை, அதையும் சேர்த்து நான் கொளுத்திவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அப்போது என் தோளுக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். கேமராவுக்குள் குனிந்து, இத்தாலிக்காரன் ஜெர்மன்காரன் என்று எல்லாரிடமும் பேசிப் பழகிய அதே இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"சார், குட் மார்னிங். திஸ் ஒன்லி சாம்பிள் சார். அவைலபிள் பேப்ரிக். பல்க் வில் கம் டிஃபரெண்ட்."

அவைலபிள் பேப்ரிக் என்றால் என்ன என்று பிரசன்னா கேட்டார். அப்பா ஸ்டாண்டிலிருந்து ஒரு சாம்பிளை உருவிக்கொண்டு வந்தார். நீல உடம்பு, மஞ்சள் கை. அதைக் கேமரா முன்னால் விரித்துப் பிடித்து, "கலர் நோ சீ சார். மெஷர்மெண்ட் ஒன்லி சீ. ஸ்டிச்சிங் ஒன்லி சீ" என்றார். பிறகு பின்னால் திரும்பி, மாமாவைப் பார்த்து, அதே விளக்கத்தைத் தமிழில் சொன்னார். "உங்களையச் சொல்லலீங்க மாப்ள. கைக்கு ஆப்ட்ட துணிங்க. அவ்வளவுதானுங்க."

பிரசன்னா சிரிக்க ஆரம்பித்தார். தொழில் தெரிந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு, சரியான படம் வருகிற வரைக்கும் இடத்தை நிரப்ப எதையாவது வைப்போம், ஆனால் இவ்வளவு நல்ல பெயர் எங்களிடம் இல்லை என்றார். சரி, பல்க் எப்போது கிடைக்கும் என்று விளையாட்டாகக் கேட்டார். திருப்பூர்க்காரரிடம் இந்தக் கேள்வியை யார் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "பிஃப்டீன் டேஸ் சார்" என்றார் அப்பா, யோசிக்காமல்.

இண்டர்வியூ முடிந்து திரும்பிப் பார்த்தால் மாமாவின் நாற்காலி காலி. டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார். கதவுக்கு வெளியே மெர்ச்சண்டைசர் பெண்கள் எல்லாரும் திடீரென்று தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். பாதி தூரம் வந்ததும் கேட்டேன், மாமா இனிமேல் ஆர்டர் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று.

"மெஷினுக்கு எண்ணெய் போடலாம்" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டி, திரும்பாமலே பேசினார். "நானும் பாத்துட்டேதான் இருந்தேன் அம்மிணி. அத்தன மாமன் ஓடியாராங்க, ஒருத்தருகூட ஒருத்தரு மேல இடிக்கலியே. அதது வழி உட்டு அதது போவுது. அது நீ பண்ணுனதுதான?"

அது நான் பண்ணியதுதான். பேய்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் விலகி ஓட வைப்பதற்காக நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பிரசன்னாகூட அதைக் கேட்கவில்லை. சொந்த மச்சினன் கண்ணெதிரே கோபித்துக்கொண்டு போகிறார், தொழில் போகிறது, இந்த மனுஷன் தையல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். என் வாழ்க்கையில் எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. அவர் முதுகில் சாய்ந்துகொண்டு இன்னும் நன்றாக அழுதேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. நடந்ததைக் கேட்டு அம்மா என்னிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். காபி டம்ளரை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே முழு வசவும் இருந்தது. அப்போது அப்பாவின் போன் ஒலித்தது. மாமாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, யார் அழுத்துவது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் அம்மாதான் அழுத்தினாள்.

மாமா தொண்டையைச் செருமுவது முதலில் கேட்டது. "மச்சான், அம்மிணிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அதென்னுங்க, ரெண்டே அடிக்கு நான் உளுந்தர்றனுங்க? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? ஆபீஸ் புள்ளைங்க எல்லாம் நின்னு பாத்துட்டிருந்தாங்க. ஒரு ஏழெட்டு அடியாவது தாங்க வேண்டாமுங்களா? அப்பறம் நாளைக்குக் கட்டிங் துணி வருது, ஆளுகளை வரச் சொல்லிருங்க." பிறகு பழக்கதோஷத்தில், "சரிங்க, வெச்சர்றனுங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் அம்மாதான் முதலில் வெடித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

வேலை கிடைத்தது. உங்கள் அப்பா சொன்ன பதினைந்து நாளில் முழு லெவலையும் முடித்துத் தர முடியுமா என்று கேட்டுத்தான் ஆர்டரே அனுப்பியிருந்தார் பிரசன்னா. முடியவில்லை. அப்பாவிடம் போய் நின்றேன். "டையிங் ப்ராப்ளம்னு சொல்லிரு" என்றார். சாயப்பட்டறையில் தாமதம் என்பது எங்கள் ஊரில் எல்லாத் தாமதத்துக்கும் பொருந்தும். வெட்கத்தைவிட்டு அப்படியே எழுதினேன். பெங்களூர் ஆபீசில் இன்றைக்கும் யாருடைய வேலை தள்ளிப்போனாலும் டையிங் ப்ராப்ளம் என்றுதான் சொல்கிறார்கள், கன்னடக்காரர்கள் உட்பட. நான் மண்ணரை மாடியிலிருந்தே வேலை பார்த்தேன். ஆடி பிறந்தபோது நான் யாருடைய ஏசி ரூமிலும் இல்லை. (பின்னால் என் கணவர் என்னைப் பெண் பார்க்க மழையில் நனைந்து, நண்பனின் தொளதொள சட்டையோடு வந்து நின்றபோது, அப்பா அம்மாவின் காதில், "துணியப் பாக்காத, அவைலபிள் பேப்ரிக்" என்றார். பல்க் இன்னும் வரவில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை.)

கேம் வெளிவந்தது. நல்ல ஓவியர் ஒருவர் வரைந்த, பச்சைக் கண்ணும் கோரைப்பல்லுமாக ஒரு அசல் பேய். உறுமலுக்குத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். நான் பெருமையாக மாமாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேயை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். நேரம் ஆக ஆக முகம் தொங்கிப்போயிற்று.

"இதுல நான் இல்லீங்களே" என்றார் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் அம்மிணி, சாம்பிள்ல ஒண்ணக் காட்டிப்போட்டு பல்க்ல வேறயா அனுப்பறது? எங்க பையரா இருந்தா கண்டெய்னரையே திருப்பி அனுப்பியிருப்பான்" என்றார்.

அப்பா தலையைச் சொறிந்தார். தொழில் முறைப்படி மாமா சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. நான் வீட்டுக்கு ஓடி, அந்தப் பழைய "கவுண்டர்" நகலைத் தேடி எடுத்து, இரண்டு அடியை ஏழு அடியாக மாற்றி, மாமாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அப்ரூவ் ஆன சாம்பிள் என்று சொல்லி அதை இன்னும் வைத்திருக்கிறார். வருகிற வெளிநாட்டுப் பையர்களுக்கெல்லாம் டீ வருவதற்குள் எடுத்துக் காட்டுகிறார். நான் மட்டும்தான் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கும் மாமா வீட்டில் எல்லாரும் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் பனியனை மூட்டையாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மகள்தான் முன்னால் நின்றாள். "தாத்தா, சித்த செத்துக் காட்டுங்க தாத்தா" என்றாள், ரொம்ப மரியாதையாக. நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். அதற்குள் அடி விழ ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மூணுதானுங்க ஆச்சு" என்று கணக்குச் சொன்னார் மாமா. ஏழாவது அடிக்குக் கையைத் தொங்கவிட்டார், தலையை நாற்காலியில் சாய்த்தார், கண்ணை மூடினார்.

"சரிங்க, வெச்சர்றனுங்க."